எருமை தண்ணீரில் இறங்கிய மதியம்

எங்கள் வீட்டில் எருமை என்றால் இரண்டு பேர். ஒன்று கொல்லையில் கட்டியிருந்தது. இன்னொன்று நான்.

நான் எதையும் மெதுவாகத்தான் செய்வேன். சாப்பிட உட்கார்ந்தால் எல்லோரும் கை கழுவிய பிறகும் என் இலையில் சோறு இருக்கும். தலை பின்னிக்கொண்டு எழுந்திருப்பதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். யாராவது ஏதாவது கேட்டால் பதில் மனசுக்குள் உருண்டு திரண்டு வாய்க்கு வருவதற்குள் கேட்டவர் அடுத்த ஆளிடம் போயிருப்பார். அப்பாவுக்கு இது பொறுக்காது. அவர் நடக்கிற வேகத்துக்குத் தோளில் துண்டு நிற்காது. எருமை, எருமை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு என் பெயர் அவருக்கு மறந்துபோயிருக்குமோ என்றுகூட நினைத்திருக்கிறேன். திட்டினால் உறைக்காதவர்களைத்தான் நம் பக்கத்தில் எருமை என்பார்கள். எனக்கு உறைத்தது. அதை முகத்தில் காட்டத்தான் தெரியவில்லை.

பதினோராம் வகுப்புப் பள்ளியிறுதிப் பரீட்சை முடிவு வந்த அன்று அப்பா கூத்தாநல்லூர் கடைத்தெருவில் பேப்பர் வாங்கிவந்து கூடத்தில் நின்றபடியே விரித்தார். மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். மறுபடியும் மேலே போனார். பிறகு பேப்பரை மடித்து என் மடியில் போட்டுவிட்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார். என் நம்பர் அதில் இல்லை. கணக்கில் போயிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அம்மா அன்றிலிருந்து என்னைக் கடைக்கு அனுப்புவதை நிறுத்தினாள். வாசலில் யார் குரல் கேட்டாலும் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். எங்கள் தெருவில் அந்த வருஷம் பரீட்சை எழுதியவர்களில் தவறியவள் நான் ஒருத்திதான்.

கோட்டையில் ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் பக்கத்தில் கூலித் தகராறு அதற்கும் முன்பிருந்தே இருந்தது. நடவுக்கும் அறுப்புக்கும் கூடுதல் நெல் கேட்டு வயல் வேலை செய்பவர்கள் சங்கம் வைத்தார்கள். கொடுக்க முடியாது என்று சொல்வதற்கு மிராசுதார்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். அப்பா பெரிய மிராசு இல்லை. சொந்தமாக இரண்டு வேலி, பதிமூன்று ஏக்கர் போல, அதோடு கோயில் நிலம் கொஞ்சம் குத்தகை. ஆனாலும் பெரிய மிராசுகளோடு சேர்ந்து உட்காருவதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அந்த வருஷம் மேட்டூர் தண்ணீர் வந்து, குறுவைக்கு நாற்றுவிட்டு, நாற்றைப் பறித்து நட வேண்டிய சமயத்தில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் தெருவில் சங்கக் கொடி ஏறியது. கேட்ட கூலி வருகிறவரை யாரும் எந்த வீட்டுக்கும் வேலைக்குப் போவதில்லை என்று முடிவாகிவிட்டது.

எங்கள் மாட்டுக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணும் மறுநாள் வரவில்லை. அவரை இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அப்போது என் அம்மா வயது இருக்கும் அவரை எங்கள் வீட்டில் சின்னப்பிள்ளைகள் உட்பட எல்லோரும் வா, போ என்றுதான் பேசினோம். அது தவறு என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த எருமையை வளர்த்தவர் அவர்தான். அது பிறந்த அன்றே தாய் செத்துப்போயிற்று. கன்று பிழைக்காது, எடுத்துக்கொண்டு போ என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குப் போய், மூங்கில் குழாயில் கஞ்சி புகட்டி, மழைக்காலத்தில் குடிசைக்குள்ளேயே தன் பிள்ளைகளோடு படுக்கவைத்துக் காப்பாற்றினார். அது வளர்ந்து சினைப்பட்டதும் அப்பா போய் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். வளர்த்தவர் அதன் பின்னாலேயே வந்தார். விடிந்தால் எங்கள் கொல்லைக்கு வந்து அதைப் பார்த்துக்கொள்வதே அவர் வேலையாயிற்று.

வேலைநிறுத்தத்தின் முதல் நாள் காலையில் அம்மா செம்பை எடுத்துக்கொண்டு போனாள். கன்றை ஊட்டவிட்டு, பிடித்துக் கட்டிவிட்டு, மடியில் கை வைத்தாள். எருமை காலைத் தூக்கி வைத்ததில் செம்பு உருண்டது. பிறகு அப்பா போனார். அவர் கை பட்டதும் எருமை முதுகை வளைத்துக்கொண்டு நின்றது. ஒரு சொட்டுப் பால் இறங்கவில்லை. அப்பா இழுத்தார், தட்டினார், வாய்க்கு வந்தபடி திட்டினார். அது திரும்பி, வளர்த்தவர் வழக்கமாக நுழையும் கொல்லைப் படலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்தச் சனியன யாரு கட்டி மேய்க்கிறது?" என்றாள் அம்மா.

அப்பா கை கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தார். "இங்க ஒண்ணு சும்மாதானே உக்காந்திருக்கு? எருமைய எருமை பாத்துக்கட்டும்."

அப்படித்தான் அது என் பொறுப்புக்கு வந்தது.

எனக்குச் சாணி அள்ளத் தெரியாது. கூடையைத் தூக்கினால் மேலெல்லாம் கொட்டிக்கொள்வேன். பக்கத்துக் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொள்வது கேட்கும். பரீட்சையில் தவறினால் மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று வாத்தியார்கள் வகுப்பில் சொல்வார்கள். அதை ஊரே கண்ணால் பார்க்கும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு அழுகை வரும். பால் கறக்க உட்கார்ந்தால் எனக்கும் இறங்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு அடுப்பு வேலை இருந்தது, அப்பாவுக்குச் சங்கக் கூட்டம் இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. அதனால் எழுந்து போகாமல் அதன் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வயிற்றுக்குள் கேட்கும் சத்தம் எனக்கு நன்றாகப் பழகிப்போயிற்று. தின்றதை எங்கிருந்தோ மேலே கொண்டுவந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மென்று, விழுங்கி, கொஞ்ச நேரம் சும்மா நின்று, மறுபடி கொண்டுவரும். அவசரப்படுத்த ஆளில்லாத வேலை. ஈ உட்கார்ந்தால் காதை ஆட்டும். கன்று முட்டினால் காலை அகட்டிக்கொடுக்கும். படல் பக்கம் காலடி கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கும். எதிர்பார்த்த ஆள் இல்லை என்றால் மறுபடி அசைபோடத் தொடங்கும். பொறுமை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது பல்லைக் கடிக்கவில்லை. காத்திருக்கிறபோதும் அதற்கு அந்தந்த நேரத்துக்கான வேலை இருந்தது. சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் என் விரல் நனைந்தது. செம்பின் அடி மறைகிற அளவுக்குப் பால். அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்றாள்.

அதற்கு மறுநாள் எருமையைக் குளிப்பாட்ட வாய்க்காலுக்கு ஓட்டிப்போனேன். மதகுக்குப் பக்கத்தில் போனதும் அது தண்ணீரைப் பார்க்கவில்லை. மூக்கைத் தூக்கிக் காற்றைப் பிடித்தது. அடுத்த நிமிஷம் கயிறு என் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு போயிற்று. மதகைத் தாண்டி அந்தப் பக்கத்துத் தெருவுக்குள் அது ஓடியது. எருமை ஓடி நான் பார்த்ததில்லை. நான் பின்னால் ஓடினேன்.

அந்தத் தெருவுக்குள் அதற்கு முன் நான் கால் வைத்ததில்லை. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். அங்கே பெண்கள் வாசலில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் கொடிக்கம்பத்தடியில் இருந்தார்கள். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எருமை ஒரு குடிசை வாசலில் நின்று தலையை உள்ளே நுழைத்து, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் போட்டது. கன்றைக் கூப்பிடுகிற சத்தம்.

அவர் வெளியே வந்தார். எருமை அவர் தோளை நக்கியது, கழுத்தை நக்கியது, முந்தானையைக் கவ்வி இழுத்தது. அவர் இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு அப்படியே நின்றார். தொடவில்லை. பண்ணை வேலையைத் தொடுவதில்லை என்று தெருவே சொல்லியிருக்கிறது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை மட்டும் தானாக வந்து அதன் நெற்றியில் உட்கார்ந்தது.

"ஓட்டிக்கிட்டுப் போ பாப்பா. யாராச்சும் பாத்தா வம்பாப் போயிடும்."

நான் கயிற்றை இழுத்தேன். அது கால்களை ஊன்றிக்கொண்டது. "வரமாட்டேங்குது" என்றேன்.

"போடி" என்று அவர் அதனிடம் சொன்னார். "உன் வீட்டுக்குப் போ." அது அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

ஓடி வந்ததில் எனக்கு நா வறண்டிருந்தது. அவர் வாசலில் ஒரு மண்குடம் இருந்தது. அவர் என் வாயைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கொடுத்தால் நான் வாங்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். வாங்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. பரீட்சையில் தவறிய அன்று பட்ட வெட்கம் வேறு. இது எங்கிருந்து வருகிறதென்றே புரியவில்லை. கண்ணைத் தூக்க முடியாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். "எருமை அவ வீட்டு வாசல்ல போயிப் படுத்துக்கிச்சு. வரமாட்டேங்குது."

"கட்டி வச்சுக்கிட்டாங்களா?"

"இல்லப்பா. அது தானாத்தான்..."

நான் முடிப்பதற்குள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டியிருந்தார். என் பேச்சு எப்போதும் அவருக்குப் பின்னால்தான் போய்ச் சேரும். ஸ்டேஷனில் அவர் எருமைத் திருட்டு என்று எழுதிக்கொடுத்தது மறுநாள் ஏட்டு சைக்கிளில் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மதகுக்கு இந்தப் பக்கம் அப்பாவும் இன்னும் சில மிராசுகளும் நின்றார்கள். அந்தப் பக்கம் தெரு முழுக்க வந்து நின்றது. வளர்த்தவர் எருமையைக் கயிற்றோடு கரைக்கு நடத்திவந்தார். உச்சி வெயில், மேல்காற்று வேறு புழுதியை வாரி அடித்தது. ஏட்டு என்னையும் கூப்பிட்டனுப்பினார்.

"என்னம்மா, இவரு மாட்ட எதுக்குப் புடிச்சுக் கட்டின?" என்று கயிற்றோடு நின்றவரிடம் கேட்டார்.

"கட்டலிங்க. அது வந்துச்சு, படுத்துச்சு. ஐயா வந்து ஓட்டிக்கிட்டுப் போவட்டும்."

அப்பாவின் முகம் மாறியது. அதுவரை அவர் அப்பாவை, அடிமை எஜமானைக் கூப்பிடுகிற மாதிரி, 'ஆண்டே' என்றுதான் சொல்வார். ஐயா என்று சொன்னது அன்றைக்குத்தான் முதல்முறை. அந்தப் பக்கம் நின்றவர்களும் அதைக் கவனித்தது எனக்குத் தெரிந்தது.

ஏட்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பாப்பா. என்ன நடந்துச்சு?"

எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்கு வழக்கம்போல நேரமாயிற்று. "கயிறு என் கையிலதான் இருந்துச்சு. அது இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. யாரும் புடிக்கல."

"அவளுக்கு என்னங்க தெரியும்?" என்றார் அப்பா. "பரீட்சையில கோட்டை விட்டுட்டு வீட்டுல உக்காந்திருக்குது. கேட்டதுக்கு நேரா ஒரு பதில் சொல்லத் தெரியாது."

இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் எவ்வளவு பேர். அத்தனை பேருக்கும் தெரிந்துபோயிற்று. நான் மதகுக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி, கயித்த விடும்மா" என்றார் ஏட்டு. "அவங்க ஓட்டிக்கிட்டுப் போகட்டும்."

அவர் கயிற்றை விட்டார். எருமை இந்தக் கரையைப் பார்க்கவில்லை, அந்தக் கரையையும் பார்க்கவில்லை. நேராகச் சரிவில் இறங்கி வாய்க்காலுக்குள் போயிற்று. புதுத் தண்ணீர், செம்மண் நிறத்தில் நுரையோடு போய்க்கொண்டிருந்தது. முதலில் முட்டியை மடித்தது, பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பிறகு மூக்கும் கண்ணும் கொம்பும் மட்டும் வெளியே தெரிந்தன. மூக்கால் தண்ணீரை ஊதியது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டது. அவ்வளவு சந்தோஷத்தை ஒரு முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை.

அப்பா அதட்டினார். யாரோ மண்கட்டியை எறிந்தார்கள். அது தலையை முழுக்கிக்கொண்டு வேறு இடத்தில் எழுந்தது.

"தண்ணியில கெடக்குற எருமைய அடிச்சு எழுப்ப முடியாதுங்க" என்றார் ஏட்டு. சைக்கிளைச் சாத்திவிட்டுப் பூவரசு நிழலில் போய் உட்கார்ந்தார். மாடு கைக்கு வராமல் அவர் போக முடியாது. அவர் போகாமல் மற்றவர்களும் போக முடியாது. வெயில் தாங்காமல் ஒவ்வொருவராக நிழலுக்கு வந்தார்கள். அந்தக் கரையில் நிழல் கிடையாது. அங்கிருந்தவர்களிலும் வயதானவர்கள் மதகைத் தாண்டி வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் விரட்டவில்லை. எதிரே எங்கள் நாற்றங்கால்.

"நாத்து முத்திப்போச்சு" என்று அந்தத் தெருப் பெரியவர் ஒருவர் பொதுவாகச் சொன்னார்.

"நுனி பழுக்க ஆரம்பிச்சிடுச்சு" என்று அப்பா பதில் சொன்னார். சொல்லிவிட்டுத்தான் யாருக்குச் சொன்னோம் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டார். அந்தக் கோபம் என் மேல் திரும்பியது. "என்ன மரம் மாதிரி நிக்கிற? எறங்கி ஓட்டு."

அத்தனை ஆண்பிள்ளைகள் முன்னால், தாவணியோடு, வாய்க்காலில் இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. துணி உடம்பில் ஒட்டிக்கொண்டது. கயிற்றைப் பிடித்து இழுத்தால் எருமை தலையைச் சிலுப்பி என் முகத்தில் வாரி அடித்தது. கரையில் யாரோ சிரித்தார்கள். செத்துவிடலாம் போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். எருமையை வளர்த்தவர் சரிவில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் வாங்களேன்" என்றேன்.

வாங்க என்றுதான் வந்தது. யோசித்துச் சொன்னதில்லை. கரையில் சத்தம் அடங்கியது. அவர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினார்.

அவர் அதை எழுப்பப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்று கையால் தண்ணீரை அள்ளி முதுகில் விட்டார். நானும் விட்டேன். அவர் கரையில் கிடந்த வைக்கோலில் ஒரு பிடி எடுத்து என்னிடம் கொடுத்தார். இரண்டு பக்கமும் நின்று தேய்த்தோம். எருமை சொகுசாகப் புரண்டு எங்கள் இருவரையும் ஒரே அடியில் தண்ணீருக்குள் சாய்த்தது. மூச்சுத் திணறி எழுந்தபோது அவர் தலையில் பாசி. என் தலையிலும் இருந்திருக்கும். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பேப்பரில் நம்பர் வராமல்போன நாளிலிருந்து நான் சிரிக்கவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நிமிர்ந்தபோது அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. பக்கத்தில் இருந்த மிராசு ஏதோ காதில் சொன்னார். அப்பா வரப்பில் நடந்து போய்விட்டார். முதல்முறையாக அவர் மெதுவாக நடந்தார். அவருக்காக நான் வெட்கப்பட்டேன். அது என் தோல்வியைவிடக் கனமாக இருந்தது.

எருமை தனக்குத் தோன்றியபோது எழுந்து, உடம்பை உதறி, எங்கள் வீட்டை நோக்கி நடந்தது. கன்று அங்கேதான் இருந்தது. ஏட்டு எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார்.

வேலைநிறுத்தம் அதற்குப் பிறகும் சில நாள் நடந்தது. தாசில்தார் முன்னால் பேசி, கேட்டதில் பாதி கூடியது. முற்றிய நாற்றைத்தான் நட்டார்கள். அந்தக் குறுவை சுமார்தான். எருமையை வளர்த்தவர் வயல் வேலைக்கு வந்தார், கொட்டகை வேலைக்கு வரவில்லை. சமரசப் பேச்சில் அந்த வேலைக்குக் கூலி பேசாமல் விட்டுப்போயிற்று. எருமை என்னிடமே இருந்தது. அப்பா அதன் பிறகு என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வேறு பெயர் சொல்லியும் அதிகம் கூப்பிடவில்லை.

கணக்கை மறுபடி எழுதித் தவறினேன், பிறகு தேறினேன். நர்ஸ் படிப்புக்குப் போனேன். டெல்டாவில் ஒவ்வொரு ஊராக மாற்றலாகிப் பிரசவ வார்டில்தான் என் காலம் போயிற்று. அங்கே என் மெதுவுக்கு மரியாதை கிடைத்தது. வலி வருகிற பெண்ணுக்குப் பக்கத்தில் அவசரமில்லாமல் உட்கார ஒரு ஆள் வேண்டியிருந்தது. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை பார்த்தவர்களுக்கு எருமைக் கதையை நடித்துக் காட்டுவேன். ஏட்டு நிழல் தேடியது, எருமை எங்களைக் கவிழ்த்தது எல்லாம். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். மிருகங்களிடம் பொறுமையும் கற்கலாம், சந்தோஷமும் கற்கலாம் என்று கடைசியில் ஒரு வார்த்தையும் சேர்ப்பேன்.

ஒரு நாள் எருமையை வளர்த்தவரே எங்கள் வார்டுக்கு வந்தார். மருமகளுக்கு ஆண்குழந்தை பிறந்திருந்தது. முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன். அந்த வாய்க்கால் நாள் நினைவிருக்கிறதா என்று ஆசையாகக் கேட்டேன்.

"மறக்குமா நர்ஸம்மா" என்றார். "அன்னிக்குச் சாயங்காலமே எங்க தெருவுல பஞ்சாயத்து. வேலைக்குப் போறதில்லன்னு கொடி ஏத்திட்டு, அவங்க மாட்ட அவங்க கண்ணு முன்னாலயே குளிப்பாட்டிட்டு வர்றியேன்னு நடுவுல நிக்கவச்சுக் கேட்டாங்க. எம் புருசனே கேட்டாரு. அவங்க கேட்டதும் நாயந்தானே? பட்டினி கெடந்தாங்க எல்லாரும். அந்த வருசம் முச்சூடும் நடவுல எனக்குப் பக்கத்துல நிக்கிறவ என்னோட பேசல."

"நான் கூப்பிட்டதாலதானே..." என்றேன்.

"நீங்க சின்னப்புள்ள. கூப்பிட்டீங்க, வந்தேன்." கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சந்தோசமாத்தான் இருந்துச்சு. அதான் தப்பாப் போச்சு."

அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. எருமைக்குத் தண்ணீரில் இறங்க யார் அனுமதியும் தேவைப்படவில்லை. எனக்கும் அன்று நஷ்டம் ஒன்றுமில்லை. எங்கள் இருவரோடும் சேர்ந்து சிரித்தவர்தான் திரும்பி ஒரு தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தை எத்தனையோ வருஷம் நான் யோசித்துப் பார்க்கவே இல்லை. அதை நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

"மருமவள எப்ப வீட்டுக்கு விடுவாங்க?" என்று கேட்டார்.

"காலைல டாக்டர் பாத்துட்டுச் சொல்லுவாருங்க" என்றேன்.

"சரிங்க" என்று எழுந்து மருமகள் கட்டில் பக்கம் போனார். நான் மருந்து அலமாரியைத் திறந்து, அடுக்கியிருந்ததையே எடுத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன்.